நாகநதியோடு ஒரு காலை நடை: அமிர்திப் பக்கம் முதன்முறை வருகிறவர்களுக்கு

வேலூரில் இருந்துகொண்டே "நடக்க, பறவை பார்க்க இங்கே என்ன இருக்கு, ஏற்காடோ கொடைக்கானலோதான் போகணும்" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜவ்வாது மலையில் அமிர்திக் காட்டில் பிறந்து, மலையடிவாரத்துக் கழனிகளுக்கு நடுவே இறங்கி, கண்ணமங்கலத்தைத் தொட்டுக்கொண்டு போய், ஆரணிப் பக்கம் கமண்டல நதியோடு சேர்ந்து கமண்டல நாகநதி என்று பேர் வாங்கி, செய்யாற்றில் விழுகிறது நாகநதி. அந்தச் செய்யாறு திருமுக்கூடல் பக்கம் பாலாற்றில் கலக்கிறது. அமிர்திக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தாக்கு வேலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் இருக்கிறது. காலில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பத் தெரிந்த எவரும் வரலாம்.

ஏன் பாலாறு வேண்டாம், நாகநதி என்று கேட்கலாம். பாலாறும் எனக்குப் பிடித்த ஆறுதான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆனால் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவால் அந்த ஆறு பட்ட பாடு சின்னதில்லை, உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பே வந்தது. முதல் முறை நடக்க வருகிறவர் அந்தக் கரையில் தொடங்கினால் மனசு கெட்டுப்போய்த் திரும்புவார். சின்ன ஆறு, பக்கத்தில் மலை, நடுவில் ஏரிகள் என்று கைக்குள் அடங்குகிற இடத்தில் பழகிவிட்டு, அப்புறம் பாலாற்றுக்குப் போவது நல்லது.

எப்போது வருவது

முதல் முறைக்கு நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. இதை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பி, நல்ல மழை வருஷமாக இருந்தால் சில ஏரிகள் கோடி போய்க்கொண்டிருக்கும், அதாவது நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். காலையில் பனி இறங்கியிருக்கும், வெயில் ஒன்பது மணிக்கு மேல்தான் உறைக்கும். வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற பறவைகளும் அப்போதுதான் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நடப்பது வீரம் கிடையாது, உடம்புக்குச் செய்கிற கெடுதல்.

நாள் தேர்ந்தெடுக்கும்போது காணும் பொங்கலைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு அமிர்தியில் சுற்று வட்டாரமே இருக்கும், மைக் சத்தத்தில் ஒரு குருவி கேட்காது. ஞாயிற்றுக்கிழமையைவிட வார நாள் நல்லது, முடியாவிட்டால் ஞாயிறு விடியற்காலை.

எப்படி வருவது

வேலூர் – திருவண்ணாமலை சாலையில் பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம் என்று வரிசையாக வரும். இந்தச் சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. கணியம்பாடியில் மேற்கே திரும்புகிற ரோடு நஞ்சுகொண்டாபுரம் வழியாக அமிர்திக்குப் போகும். வேலூரிலிருந்து அமிர்தி சுமார் 25 கிலோமீட்டர். அமிர்திக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. ஏறும்போதே கண்டக்டரிடம் "திரும்பி எத்தனை மணிக்கு வண்டி" என்று கேட்டு, கையில் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பதால், எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து போக நினைத்தபோது செலவு ஒரு பேச்சாகவே இருக்கவில்லை. ரயில் வேண்டும் என்பவர்களுக்குக் காட்பாடி – விழுப்புரம் பாதையில் வேலூர் கண்டோன்மெண்டில் ஏறினால் கணியம்பாடி, கண்ணமங்கலம் இரண்டிலும் ஸ்டேஷன் உண்டு. பாசஞ்சர் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கமிருந்து நடப்பது என்பதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. கண்ணமங்கலத்தில் இறங்கி ஆற்றுக்கு எதிர்த்திசையில், அதாவது மேற்கே மலையைப் பார்த்து நடந்தால், காலைச் சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். எதிரில் இருக்கிற பறவைகள் மேல் வெளிச்சம் விழும், நிறம் தெரியும். அமிர்தியிலிருந்து கிழக்கே நடந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், கண்ணும் கூசும். சாயங்காலம் வருகிறவர்கள் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். முழு தூரத்தையும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதல் முறை நாலு கிலோமீட்டர் போதும், அதற்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், நாலு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். இதைச் சொன்னால் நண்பர்கள் வாக்கிங் ஆப்பைக் காட்டி "நாங்க அரை மணியில அஞ்சு ஆயிரம் ஸ்டெப் போவோம்" என்பார்கள். அந்த வேகத்தில் நடந்தால் ரோடும் புழுதியும்தான் மிஞ்சும். நூறு அடி நடங்கள், நில்லுங்கள். ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால், உங்களைக் கண்டு அடங்கிப்போன சத்தம் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்.

கையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், குறைக்காதீர்கள். அடிப்பாகம் தடித்த ஷூ. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும், அதை ஒரு தடவை பட்டால்தான் தெரியும். மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது ஒரு துண்டு. சென்ட் போடாதீர்கள். பெரிய மரங்களிலும் பாறைகளிலும் மலைத்தேனீ கட்டியிருக்கும், வாசனையும் புகையும் சத்தமும் அதற்கு ஆகாது. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பத்து மடங்கு இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், ஆனால் கை நடுங்குகிற புதியவருக்கு எட்டுதான் நிற்கும். முதல் முறைக்கு அதுகூட இல்லாமல் வரலாம். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் மட்டும் கட்டாயம்.

காலை ஆறு மணிக்குள் கரையில் இருக்கப் பாருங்கள். ஆனால் இருட்டில் கழனிக்குள் இறங்காதீர்கள். இரண்டு காரணம். ஒன்று, இந்தப் பக்கம் பழைய கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, தரைமட்டத்தில் புல் மூடிக் கிடக்கும். இரண்டு, காட்டுப்பன்றிக்குப் பயந்து சிலர் வேலியில் கரண்ட் விட்டுவிடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. வெளிச்சம் வரும்வரை வண்டிப்பாதையிலோ ஏரிக்கரையிலோ நில்லுங்கள்.

நடக்கத் தொடங்கியதும்

முதலில் உங்களைப் பார்க்கப்போவது ஆள்காட்டிதான். நீளக் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, கறுப்புக் கழுத்து. நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைப் பார்த்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடும், பேரே அதனால் வந்ததுதான். அது கத்தினால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், அப்படியே பாதையோரம் நின்றுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

கம்பிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பம்புசெட்டுக்குப் போகிற மின்கம்பியில் கரிச்சானும் பச்சைப் பஞ்சுருட்டானும் இருக்கும். பஞ்சுருட்டான் பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும், அதனால் தவறவிட்டாலும் கவலையில்லை. பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் சாதுவாகத் தெரியும், பறக்கும்போது இறக்கையில் நீலம் வெடிக்கும். ஒரு தடவை பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். தண்ணீர் நிற்கிற மடுவுகளில் வெண்மார்பு மீன்கொத்தி, நாணல் ஓரத்தில் மடையான், கரையில் உள்ள நாவல், புங்கன், நீர்மருது மரங்களில் குக்குறுவானும் மாங்குயிலும் இருக்கும். செம்போத்து தாழ்ந்த புதரில் 'ஊப் ஊப்' என்று கூப்பிடும், ஆனால் சத்தம் வருகிற இடத்தில் தேடாதீர்கள், அதற்குக் கீழே தரையில் நடந்துகொண்டிருக்கும்.

பாறை நடுவே ஓடுகிற தண்ணீரை மட்டும் தனியாகப் பாருங்கள். வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, வயிற்றில் மஞ்சள் பூசினதுபோல ஒரு ஒல்லிக் குருவி இருந்தால் அது சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கம் கூடு கட்டி, குளிருக்கு இங்கே வந்து, வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போகிறது. ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற உயிர் அவ்வளவு தூரம் வந்து, நம்ம அமிர்தி ஓடையில் பூச்சி பொறுக்குகிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு வருஷமும் உடம்பு சிலிர்க்கிறது.

பேர் தெரியாத பறவையைப் பார்த்தால் பதறாதீர்கள். எவ்வளவு பெரிசு (மைனாவா, காக்கையா, அதைவிடச் சின்னதா), வால் நீளமா குட்டையா, எங்கே இருந்தது, என்ன செய்தது என்று நாலு வார்த்தை எழுதுங்கள். போன் கையில் இருந்தால் மெர்லின் ஆப்பில் சத்தத்தைப் பதிவு செய்து பார்க்கலாம், உதவும், ஆனால் அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கண்ணால் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். பார்த்த பறவைகளின் பட்டியலை ஈபேர்ட் என்கிற இணையதளத்தில் ஏற்றிப் பழகினால் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். கால் மணி நேரம் ஒரு இடத்தில் எண்ணினாலே போதும்.

ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால்

ஜனவரி கடைசியில் வந்தால் பல இடங்களில் மணல் மட்டும்தான் இருக்கும். "ஆறே இல்லையே" என்று திரும்பிப் போகாதீர்கள். எங்கள் பக்கத்து ஆறுகள் பாதி வருஷம் மணலுக்கு அடியில்தான் ஓடுகின்றன. ஒரு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும், கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்புவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

ஈரம் காயாத காலையில் மணல் ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி. மயில் நடந்த மூன்று விரல் தடம், முயல் துள்ளின தடம், நரி நேர்கோட்டில் ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்துப் போன தடம், பாம்பு இழைந்த வளைவு. வெயில் ஏறிக் காற்று அடித்தால் எல்லாம் அழிந்துவிடும், அதனால் ஏழு மணிக்கு முன்னால் மணலைப் படித்துவிடுங்கள்.

மரநிழலில் காய்ந்த பொடி மணல் இருக்கிற இடத்தில் குந்தி உட்காருங்கள். புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தெரியும், கட்டைவிரல் நுழைகிற அளவு. குழியானை. சின்ன வயதில் நாம் எல்லாரும் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு விளையாடினதுதான், அது பின்னோக்கியே நடக்கும். இப்போது தோண்டாதீர்கள், பாருங்கள். ஒரு எறும்பு விளிம்பில் கால் வைக்கும், மணல் சரியும், எறும்பு ஏறப் பார்க்கும். அடியிலிருந்து ஒரு மணல் வீச்சு மேலே வரும், இன்னொன்று, எறும்பு சறுக்கிப் போய் அடியில் நிற்கும், இரண்டு கொடுக்கு மட்டும் வெளியே வந்து அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். அப்புறம் குழி மறுபடி அசையாமல் கிடக்கும். இந்தப் பூச்சிதான் வளர்ந்து தும்பி மாதிரி இறக்கை முளைத்து இரவில் பறக்கிறது. இந்தக் குழி முன்னால் என் அக்கா மகன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான், ஒன்பது வயசு, வீட்டில் ஐந்து நிமிஷம் ஒரு இடத்தில் இருக்க மாட்டான்.

மணல் அள்ளின பள்ளங்கள் இருக்கிற பக்கம் இறங்க வேண்டாம். மழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் நின்று மேலே சமமாகத் தெரியும், ஆழம் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் போயிருக்கிறார்கள்.

தண்ணீர் இருக்கும்போது

ஒரு டிசம்பரில் நானும் அக்கா மகனும் கணுக்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனோம். எங்கள் தலைக்கு மேல் வெயில், மலை மேல் மட்டும் கறுப்பு. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவுதான், ஆனால் செம்மண் நிறத்தில் இலையும் குச்சியுமாக வந்துகொண்டிருந்தது. நான் இறங்கப்போனேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா சத்தம் போட்டார்: "எறங்காத நைனா, புள்ளைய வேற இட்டுக்கினு! நெறம் மாறிக்கினு வருது பாரு, மேல பேஞ்சுக்கினு கீது." பத்து நிமிஷத்தில் நாங்கள் கடந்துவந்த பாறை தெரியவில்லை. மூன்று மணி நேரம் அந்த ஆயாவோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம், எங்கள் எலுமிச்சை சாதத்தை அவரும் சாப்பிட்டார். அன்றிலிருந்து மலை கறுத்திருந்தால் நான் ஆற்றைக் கடப்பதே இல்லை. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலங்கினால், இரைச்சல் கூடினால், குப்பை மிதந்து வந்தால், உடனே கரை ஏறுங்கள், எந்தக் கரையாக இருந்தாலும் சரி.

காட்டுக்குள் போகலாமா

அமிர்தியில் வனத்துறையின் சின்ன உயிரியல் பூங்கா இருக்கிறது, டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். அதைத் தாண்டி இருப்பது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, அந்த வருஷமே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்தது. ஓடை வரை போகலாமா என்பதை அன்றன்றைக்கு வாசலில் இருக்கிற வனக் காவலரிடம் கேளுங்கள், மழை பெய்தால் மறுத்துவிடுவார்கள், வாதாடாதீர்கள். முறையாகக் காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் ட்ரெக் தமிழ்நாடு என்று 2024-ல் தொடங்கிய திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு ஏலகிரி, ஜலகாம்பாறைப் பக்கம் போகலாம்.

ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பேர் போனது. அதனால் புது முகம் பையை மாட்டிக்கொண்டு திரிந்தால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. பேரையும் ஊரையும் சொல்லி, பறவை பார்க்க வந்தோம் என்று நோட்டைக் காட்டுங்கள். கழனிக்காரர்களிடமும் அதேதான். வரப்பில் நடக்கும் முன் "அண்ணா, இப்படிப் போலாமா" என்று கேட்டால், வேண்டாம் என்று சொன்னவரை நான் இதுவரை பார்க்கவில்லை. எங்கே மயில் இறங்குது, எந்த மரத்தில் ஆந்தை இருக்குது என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார்கள். மலையிலிருந்து சாமை, தேன், புளி கொண்டு இறங்குகிற மலையாளிப் பழங்குடி மக்களை வழியில் பார்ப்பீர்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

பாம்பு பற்றிக் கேட்காத புதியவரே கிடையாது. தரையைப் பார்த்து நடங்கள், கல்லைப் புரட்டாதீர்கள், கை போகிற இடத்தைக் கண் முதலில் பார்க்கட்டும், அவ்வளவுதான். மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுக்கம்பாறையில், நீங்கள் வந்த அதே ரோட்டில்தான் இருக்கிறது. பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

திரும்பும்போது

ஒன்பதரை மணிக்கு ரோட்டுக்கு வந்துவிடுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து, டீ வருவதற்குள் பார்த்ததை எழுதி முடியுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பாதி மறந்துபோகும். பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் பையிலேயே திரும்பட்டும்.

அடுத்த முறை வேறு இடம் தேடிப் போக ஆசை வரும். படவேடு, செண்பகத்தோப்பு அணை என்று சந்தவாசல் பக்கம் நல்ல இடங்கள் உண்டு, ஆடி வெள்ளியில் மட்டும் ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் நான் கேட்டுக்கொள்வது, அதற்கு முன் இதே நாலு கிலோமீட்டரை இன்னும் இரண்டு தடவை நடங்கள் என்றுதான். ஜூலை, ஆகஸ்ட்டில் வந்தால் கிணற்றுக்கு மேல் சாய்ந்த ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருக்கும். மார்ச் கடைசியில் வந்தால் வாலாட்டி கிளம்பத் தயாராக இருக்கும், மணலும் கூழாங்கல்லும் கலந்த இடத்தில் ஆள்காட்டி முட்டை வைத்திருக்கும். கூடு என்று எதுவும் இருக்காது, கல் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட நாலு முட்டை, கூர்முனை உள்பக்கம் பார்த்தபடி. ஒரு ஆள்காட்டி வழக்கத்தைவிட வெறித்தனமாகத் தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் அந்த முட்டை உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தேடாதீர்கள், போட்டோ வேண்டாம். வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் போய்விடுங்கள்.